முடி பறிக்கும் காட்சி

நிலாணியைத் தெரியாத தமிழ்ச் சனம் கனடாவில், ஸ்காபரோவின் மோர்னிங்சைட் பகுதியில் நிறைய உண்டு. தெரிந்தவர்களுக்கும் இரண்டு விஷயம்தான் தெரியும். முதியோர் இல்லமொன்றில் உடுப்புத் தோய்க்கிற பகுதியில் வேலை செய்கிறாள், கஜீவனுடைய மனைவி. மூன்றாவதாகவும் ஒன்று இருந்தது. அது முழுதாகத் தெரிந்த ஆள் இந்த நகரத்துத் தமிழ்ச் சனத்தில் ஒருத்திதான். அவளை எல்லாரும் பேபி அன்ரி என்பார்கள்.

நிலாணி யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகம் போய் வரலாறு படித்தவள். கடைசி வருஷம் ஆய்வுக்கட்டுரை எழுத வேண்டி வந்தபோது கூடப் படித்தவர்கள் துறைமுகம், நாணயம், கோயில் என்று எடுக்க, அவள் சோழர் அரண்மனைப் பெண்களை எடுத்தாள். பட்டத்தரசிகளைப் பற்றி எழுத நிறையப் பேர் இருந்தார்கள். அவளை இழுத்தது அரண்மனையின் பின்கட்டு. கல்வெட்டுகளில் வேளம் என்று ஒரு சொல் வரும். அரண்மனைப் பணிப்பெண்கள் கூட்டமாக இருந்த குடியிருப்பு அது. போரில் பிடித்து வந்த பெண்களையும் அங்கேதான் கொண்டுபோய் விட்டார்கள் என்று ஆராய்ந்தவர்கள் சொல்வார்கள். இன்ன வேளத்துப் பெண் கோயிலில் ஒரு விளக்கு வைத்தாள் என்று ஒரு வரி கிடைக்கும். அந்த வரிக்கு முன்னும் பின்னும் அவளுக்கு வாழ்க்கை கிடையாது. எந்த நாட்டுக்காரி, யார் மகள், எப்படிப் பிடிபட்டாள், ஒன்றும் இல்லை. நிலாணி அந்த ஒற்றை வரிகளை எட்டு மாதம் தேடித் தேடி எழுதினாள்.

படிப்பு முடிந்து கிளிநொச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போனாள். அவள் போன அதே வருஷம் யாழ்ப்பாணப் பாதை பூட்டுப்பட்டது. பிறகு அங்கே நடந்ததை உலகம் அறியும். அவள் இயக்கத்தில் இருந்தவள் இல்லை. ஆனால் கடைசி மாதங்களில் அவர்களுடைய அலுவலகம் ஒன்றில் பெயர் பதிகிற வேலைக்கு அவளை இருத்தியிருந்தார்கள். சனத்தோடு சனமாக இடுப்பளவு தண்ணீரைக் கடந்து வெளியே வந்தபோது யாரோ இராணுவத்துக்கு அவளைக் காட்டித் தலையசைத்தார்கள். மற்றவர்கள் முகாமுக்குப் போகும் பஸ்ஸில் ஏற, அவளை வேறொரு வாகனத்தில் ஏற்றினார்கள். இருபத்திரண்டு மாதம் கழித்துத்தான் விட்டார்கள்.

அந்த இருபத்திரண்டு மாதத்தை அவள் வாயால் சொன்னது ஒரே ஒரு தடவை. கனடா வந்து அகதி மனு எழுதும்போது, வோபர்னில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில், ஒரு பகல் முழுக்க. மொழிபெயர்க்க வந்தவள்தான் பேபி. அறுபதை நெருங்கிய, வடிவாகச் சேலை உடுக்கிற, ஆங்கிலம் தண்ணி பட்ட பாடான மனுசி. நன்றாகவே மொழிபெயர்த்தாள். நிலாணி விக்கி நின்ற இடங்களில் அவசரப்படுத்தவில்லை. சொல்ல முடியாத ஒரு சொல்லை அவளே சொல்லித் தந்தாள். சட்டத்தரணி தேத்தண்ணி குடிக்க எழும்பிப் போனபோது நிலாணியின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். பேபி ஆங்கிலத்தில் எழுதியது ஆறு பக்கம் வந்தது. கேட்டது எதையும் வெளியே சொல்லமாட்டேன் என்று பேபி ஒரு கடதாசியில் கையெழுத்து வைத்தாள்.

மனு சரிவந்தது. அதற்குப் பிறகு பேபி அவளை விடவில்லை. முதியோர் இல்லத்து வேலை பேபி சொல்லிக் கிடைத்தது. கலியாணமும் அவள் பேசிச் செய்தது. பேபியின் கணவர் தியாகலிங்கத்தின் தங்கச்சி மகன்தான் கஜீவன். லொறி ஓடுகிறவன், கதை குறைவு, கெட்ட பழக்கம் இல்லாதவன். சம்மதம் சொல்வதற்கு முதல் நாள் பேபி நிலாணியைக் கூப்பிட்டு இருத்தினாள்.

"அவனிட்டை நாலு மாதம் முகாமிலை இருந்தனான் எண்டு சொல்லும். எல்லாச் சனமும் இருந்ததுதானே. மிச்சம் என்னோடை இருக்கட்டும்."

"பிறகு தெரியவந்தால், அன்ரி?"

"ஆர் சொல்லப் போயினம்? நானும் நீரும்தானே."

நிலாணி அப்படியே சொன்னாள். கஜீவன் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் தனுஷிகா பிறந்தாள்.

பத்து வருஷமாக நிலாணி பேபிக்கு நன்றியோடு இருந்தாள். பிக்கரிங்கில் இருந்த அவர்களுடைய பெரிய வீட்டில் கொண்டாட்டம் என்றால் முதல் போவதும் கடைசியாக வெளிக்கிடுவதும் அவள்தான். பலகாரத்துக்கு ரோல்ஸ் சுற்றுவது, பாத்திரம் கழுவுவது, பேபியின் சேலைகளுக்குக் கரை அடிப்பது. அங்கே அவளைப்போல இன்னும் இரண்டு மூன்று பெண்கள் வந்து போவார்கள். தலை குனிந்தபடி வேலை செய்வார்கள். பேபி ஒரு பார்வை பார்த்தால் விளங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போவார்கள். அவர்களோடு நிலாணி அதிகம் கதைத்ததில்லை. விருந்தாளிகளிடம் பேபி அவளைக் காட்டி, "இவள் நான் எடுத்துவிட்ட பிள்ளை" என்பாள். அதைக் கேட்கும்போது நிலாணி சிரிப்பாள்.

தியாகலிங்கம் வீடு விற்கிற ஏஜென்ட். அதோடு கலை மன்றமொன்றின் தலைவர். மன்றம் தை மாதத்தில் ஒரு சரித்திர நாடகம் போடும். அந்த வருஷம் சோழச் சக்கரவர்த்தி சிங்கள மன்னனிடமிருந்து ஈழத்தை வென்ற கதை. சக்கரவர்த்தி தியாகலிங்கம், பட்டத்தரசி பேபி. ஒன்பது வயதுத் தனுஷிகாவுக்குச் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் சாமரம் வீசுகிற வேலை. பிக்கரிங் வீட்டின் பேஸ்மென்டில் ஞாயிறு மத்தியானங்களில் ஒத்திகை. மகளைக் கூட்டிக்கொண்டு போன நிலாணியைத் தியாகலிங்கம் பிடித்துக்கொண்டார்.

"நீர் ஹிஸ்ரி படிச்ச ஆளெல்லே. உந்த ஸ்கிரிப்டை ஒருக்கால் பாரும். பிழை கிழை இருந்தால் சொல்லும்."

நிலாணி தோய்க்கிற அறையில், யந்திரம் சுழல்கிற நேரங்களில் அதை வாசித்தாள். இருபது வருஷத்துக்குப் பிறகு யாரோ அவளிடம் அவள் படித்த விஷயத்தைக் கேட்கிறார்கள். வாசிக்க வாசிக்க முகம் சூடாகியது. பிடிபட்ட ஈழத்து அரசியைப் பட்டத்தரசி வாசலுக்கு வந்து கட்டி அணைக்கிறாள். தங்கத் தட்டில் வெற்றிலை கொடுத்து, 'இனி நீ என் தங்கை' என்கிறாள். வெற்றிக் காட்சி அப்படி முடிந்தது.

அடுத்த ஞாயிறு அவள் நின்றபடியே சொன்னாள். ஒத்திகைக்கு வந்த பன்னிரண்டு பேரும் கதிரைகளில் இருந்தார்கள்.

"அங்கிள், கடைசிக் காட்சி அப்பிடி நடக்கேல்லை. மன்னனையும் தேவியையும் பிடிச்சுக்கொண்டு போனவை. தேவியின்ர பொன்முடியையும் எடுத்தவை. மன்னன் பன்னிரண்டு வருஷம் சோழநாட்டிலை சிறையிருந்து செத்தவன். தேவிக்கு என்ன நடந்ததெண்டு ஓரிடத்திலையும் இல்லை. அவவின்ர பேர்கூடச் சோழற்றை கல்லிலை இல்லை. முடிதான் இருக்கு."

"அப்ப எங்கை வைச்சிருந்திருப்பினம்?" என்று சேனாதிபதி வேஷம் போடும் மிதுனன் கேட்டான். இங்கேயே பிறந்து வளர்ந்த, பல்கலைக்கழகம் போகிற பெடியன்.

நிலாணி வேளத்தைப் பற்றிச் சொன்னாள். கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் உயர்ந்தது. வகுப்பில் நிற்பதுபோல இருந்தது அவளுக்கு.

"உதெல்லாம் வெள்ளைக்காரன் எழுதி வைச்சது" என்றார் தியாகலிங்கம்.

"இல்லை அங்கிள். எங்கட அரசரே பெருமையாக் கல்லிலை வெட்டி வைச்சது. இந்தச் சக்கரவர்த்தியின்ர மகன் காலத்திலை இன்னொரு ஈழத்து அரசன். அவன்ர தமக்கையைப் பிடிச்சு, தாயின்ர மூக்கை அரிஞ்சது எண்டு அதிலையே இருக்கு. அவ கிழவி. சண்டை பிடிச்சவ இல்லை."

பேஸ்மென்டில் ஒரு சத்தமும் இல்லை. அவர்களுக்கு அந்தப் பெண்கள் மேல் இரக்கம் வந்துவிட்டது என்று நிலாணி நினைத்தாள். சொன்னது நல்லது என்றும் நினைத்தாள்.

தியாகலிங்கம் தொடையில் தட்டினார். "அப்ப அதையே போடுவம். கட்டிப்பிடிக்கிறதெல்லாம் வேண்டாம். முடியைப் பறிச்சு, தலைமயிரிலை பிடிச்சு இழுத்து, முழங்காலிலை இருத்துவம். சனம் எழும்பி நிண்டு கை தட்டும்."

"சிங்களத்திக்கு அப்பிடித்தான் வேணும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள்.

"அங்கிள், நான் அதுக்குச் சொல்லேல்லை..."

"நீரே நடியும்" என்றாள் பேபி. "உமக்குத்தானே அவவைப் பற்றி எல்லாம் தெரியும். வசனமும் இல்லை. சும்மா நிண்டால் சரி."

அவள் மாட்டேன் என்றிருக்கலாம். பத்து வருஷத்தில் பேபி சொன்ன எதற்கும் அவள் மாட்டேன் என்றதில்லை. அந்தச் சொல் அந்த வீட்டில் அவளுக்கு வாயில் வராது.

ஒத்திகை தொடங்கியது. மிதுனன் நல்லவன். முதல் நாள் அவளுடைய கொண்டையை விரல் நுனியால் தொட்டுவிட்டு, "சொறி அக்கா, நோகுதா? நான் இழுக்கேல்லை, ஜஸ்ட் பிடிக்கிறன்" என்றான். தியாகலிங்கத்துக்கு அது போதவில்லை. "உதென்ன, பூப்பறிக்கிறியே? இழு." இழுத்தான். அவள் முழங்காலில் விழுந்தாள். தரையில் விரித்திருந்த கம்பளத்தின் மணம் மூக்கில் ஏறியது. அதற்குப் பிறகு அவளுக்கு எழும்ப முடியவில்லை. காதுக்குள் வேறு பாஷையில் யாரோ கத்தினார்கள்.

"சுப்பர்" என்றார் தியாகலிங்கம். "அப்பிடியே கிடவும்."

வீட்டுக்குப் போனபின் இரண்டு நாள் அவளுக்குப் பிடி சோறும் இறங்கவில்லை. மூன்றாவது ஒத்திகையில் அவள் பேபியைத் தனியாகக் கூப்பிடப் பார்த்தாள். பேபி வரவில்லை, எல்லாருக்கும் நடுவே சிம்மாசனத்தில் இருந்தபடியே, "என்ன, சொல்லும்" என்றாள்.

"அன்ரி, அந்த இழுக்கிற இடத்தை மட்டும் விடுவமே. எனக்கு ஏலாமக் கிடக்கு."

"ஏன் ஏலாது?"

"உங்களுக்குத் தெரியும்தானே, அன்ரி."

பேபிக்கு அன்று என்ன கோபமோ தெரியாது. முதுகு வலிக்கிறது என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். தியாகலிங்கம் எல்லாருக்கும் முன்னால் அவளுடைய நடையைப் பழித்துக் காட்டியிருந்தார். பட்டத்தரசி குளத்துத் தாரா மாதிரி ஆடியாடி நடக்கிறா என்று. அந்தச் சூட்டை எங்கேயோ இறக்க வேண்டியிருந்தது. அவள் தன் கிரீடத்தைக் கையால் சரிசெய்துகொண்டே, ஒரு சமையல் குறிப்புச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"உமக்கு இது புதுசே, பிள்ளை? இருபத்திரண்டு மாதம் அவங்கட காலடியிலை கிடந்தனீர்தானே. இது ரண்டு நிமிசம்."

யாரும் சிரிக்கவில்லை. மிதுனன் தரையைப் பார்த்தான். படிக்கட்டில் ஒரு சத்தம் கேட்டு நிலாணி திரும்பினாள். மகளைக் கூட்டிப்போக வந்த கஜீவன் பாதிப் படியில் நின்றான். குளிர்ச்சட்டைகூடக் கழற்றவில்லை. அவனுடைய முகத்தைப் பார்த்தவுடன் அவனுக்குக் கேட்டுவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

காரின் பின்சீட்டில் தனுஷிகா மட்டும் சாமரம் எப்படி வீச வேண்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து, பிள்ளை ரீவிக்கு முன்னால் போய் இருந்தபின், கஜீவன் குசினி வாசலில் நின்று கேட்டான்.

"எத்தினை மாதம்?"

"இருபத்திரண்டு."

"எனக்கு நாலெண்டு சொன்னனீர்."

"பேபி அன்ரிதான் அப்பிடிச் சொல்லச் சொன்னவ."

"மாமிக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரிஞ்சிருக்கும். அந்தப் பேஸ்மென்டிலை இருந்த அவ்வளவு பேருக்கும் இப்ப தெரியும்." அவன் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். "நான்தான் கடைசி."

"நான் சொல்லுறன். இருங்கோ, எல்லாம் சொல்லுறன்."

"வேண்டாம். எனக்குக் கேட்க ஏலாது."

அவ்வளவுதான். அடிக்கவில்லை, ஏசவில்லை. தலையணையை எடுத்துக்கொண்டு மகளின் அறைக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து அவள் போட்ட தேத்தண்ணியை அவன் குடிக்கவில்லை. கோப்பை ஆறிக் கிடக்கும், தானே இன்னொன்று போட்டுக் குடிப்பான். முகம் துடைக்க அவள் கை பட்ட துவாயைக்கூட எடுக்கவில்லை. தோய்க்கிற அறையில் நூறு பேருடைய அழுக்குத் துணியைப் பிரித்துப் போடுகிறவளுக்கு விளங்கிக்கொள்ள அந்த ஒரு துவாய் போதுமாக இருந்தது.

இனிமேல் நாடகத்துக்குப் போவதில்லை என்று அவள் முடிவெடுத்தாள். நாடகத்துக்கு முதல் நாள் பின்னேரம் பேபி போன் பண்ணினாள்.

"என்ன பிள்ளை, கோவமே? நான் ஒரு வாய்தவறிச் சொன்னது. நாளைக்கு நாலு மணிக்கு வாரும்."

"நான் வரேல்லை, அன்ரி."

"வராட்டி சனம் ஏனெண்டு கேட்கும். நான் என்ன சொல்ல? சொல்லும், நான் என்னத்தைச் சொல்ல?"

குரலில் ஒரு கடுமையும் இல்லை. அதுதான் நிலாணிக்குப் பயத்தைத் தந்தது. போனை வைத்துவிட்டு மகளுடைய சாமரத்தையும் உடுப்பையும் பையில் எடுத்து வைத்தாள். தன்னுடையதையும் வைத்தாள்.

ஸ்காபரோவில் ஒரு உயர்நிலைப் பள்ளி மண்டபம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் எழுநூறு கதிரையும் நிறைந்து, பின்சுவரோடு ஆட்கள் நின்றார்கள். சக்கரவர்த்திக்கும் பட்டத்தரசிக்கும் மட்டும் சட்டையில் குத்துகிற சின்ன மைக். மற்றவர்கள் மேடை மைக்கைப் பார்த்துக் கத்த வேண்டும். ஈழத்தரசிக்கு மைக் தேவையில்லை.

வெற்றிக் காட்சிக்கு முரசு அடித்தார்கள். மிதுனன் அவளைச் சங்கிலியோடு இழுத்து வந்தான். மண்டபம் கூவியது. சின்னப் பிள்ளைகள் விசிலடித்தார்கள். ஒரு கிழவர் முன்வரிசையில் எழும்பி நின்று, "போடு, நல்லாய்ப் போடு" என்றார். இந்தச் சனத்தில் அரைவாசிப் பேர் தன்னைப்போலத் தண்ணீரைக் கடந்து வந்தவர்கள், அல்லது அவர்களுடைய அக்கா தங்கச்சி என்று நிலாணிக்குத் தெரியும். அவர்கள் கை தட்டினார்கள். மிதுனன் காதுக்குள், "சொறி அக்கா" என்றான். கொண்டையைப் பிடித்து இழுத்தான். அவள் முழங்காலில் விழுந்தாள். சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் தனுஷிகா சாமரத்தை வீசிக்கொண்டு நின்றாள்.

பேபி இறங்கி வந்தாள். ஒரு கையால் முடியைப் பறித்து உயர்த்திக் காட்ட வேண்டும். குனிந்து, விரல்களை முடியில் வைத்தாள். அவளுடைய முகம் நிலாணியின் முகத்துக்குப் பக்கத்தில் வந்தது. அன்று வோபர்னில் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது வந்த அதே பவுடர் வாசம்.

"அன்ரி" என்றாள் நிலாணி மெதுவாக. "நான் சொல்ல நீங்கள் எழுதின ஆறு பக்கத்தையும் இப்ப வாசியுங்கோ. எல்லாரும் இருக்கினம்தானே."

பேபியின் சேலையில் குத்தியிருந்த மைக் அதைப் பிடித்தது. மண்டபத்து நாலு மூலையிலும் நிலாணியின் குரல் கேட்டது. சனத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ வசனம் என்று அமைதியானார்கள். பேபிக்கு விளங்கியது. அவளுடைய கண் ஒரு கணம் நிலைகுத்தி நின்றது. பிறகு கை ஓங்கியது.

அந்த அறை ஸ்கிரிப்டில் இல்லை. நிலாணியின் கன்னத்தில் விழுந்த அது மைக்கில் ஏறி மண்டபத்தில் வெடித்தது. முடி உருண்டு மேடை விளிம்பில் போய் நின்றது. எழுநூறு பேரும் எழும்பி நின்று கை தட்டினார்கள். திரை விழும்வரைக்கும் தட்டினார்கள்.

கடைசியில் கேடயம் கொடுத்தபோது சிறந்த துணை நடிகை என்று அவளுடைய பெயரை வாசித்தார்கள். தியாகலிங்கம் மைக்கைப் பிடித்து, "அந்த அடி ஒறிஜினல். எங்கட பிள்ளை கலைக்காக வாங்கினது" என்றார். அவள் போய் வாங்கினாள். வாங்காமல் நின்றால் ஏன் என்று கேட்பார்கள்.

காரில் தனுஷிகா கேட்டாள். "அம்மா, அது றியலா?"

"இல்லை. நடிப்பு."

"எனக்குக் கிட்டக் கேட்டது. பேபி அன்ரி மூச்சு வாங்கினவ."

கஜீவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டு ஓட்டினான். மாசி முடியுமுன் அவன் பிராம்டன் பக்கம் கூட்டாளி ஒருவனோடு போய் இருந்துகொண்டான். சண்டை இல்லாமல் போனான். பிள்ளை கிழமை நாளில் தாயோடு, சனி ஞாயிறு தகப்பனோடு என்று ஒரு கடதாசி எழுதினார்கள். நிலாணி வோபர்னில் ஒரு படுக்கையறை அபார்ட்மென்டுக்கு மாறினாள்.

பங்குனியில் அவள் ஒரு காரியம் செய்தாள். மொழிபெயர்ப்பாளர்களைப் பதிவு செய்கிற சங்கத்துக்கு முறைப்பாடு எழுதினாள். ஆங்கிலத்தில், அகராதி வைத்துக்கொண்டு, நாலு நாள் எழுதினாள். பேபி கையெழுத்து வைத்த கடதாசியின் பிரதியையும் சேர்த்தாள். விசாரிக்கிறோம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. பேபியிடமும் விளக்கம் கேட்டிருந்தார்கள். அதை அறிந்த அன்று நிலாணி நாடகத்துக்குப் பிறகு முதல்முறையாக வயிறாரச் சாப்பிட்டாள்.

அடுத்த கிழமையிலிருந்து அவளுக்குப் போன் வரத் தொடங்கியது. தெரியாத நம்பர்கள், தெரியாத பெண்கள். ஒருத்தி கெஞ்சினாள். ஒருத்தி தூசணத்தால் ஏசினாள். ஒருத்தி ஒன்றுமே சொல்லாமல் அழுதுவிட்டு வைத்தாள். மொத்தம் ஒன்பது பேர். மன்னாரைச் சேர்ந்த றோசலின் என்பவள்தான் விளங்கச் சொன்னாள்.

"தங்கச்சி, நான் சண்டைக்கு எடுக்கேல்லை. பேபி அன்ரி எங்கள் எல்லாருக்கும் போன் எடுத்தவ. நீர் கேஸ் போட்டபடியா, தான் மொழிபெயர்த்த ஃபைல் எல்லாத்தையும் திறந்து காட்ட வேண்டி வருமாம். எங்கட பேரெல்லாம் வெளியிலை வருமாம்."

"அப்பிடித் திறக்க ஏலாது, அக்கா. அவ பொய் சொல்லுறா."

"இருக்கலாம். எனக்குச் சட்டம் தெரியாது. எனக்கு வளர்ந்த மூண்டு பிள்ளையள். மனுசன் கோயிலிலை பெரிய ஆள்." கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்கும் அவதான் சொல்லித் தந்தவ, மனுசனுக்கு என்ன சொல்ல வேணும், என்ன சொல்லக்கூடாது எண்டு. மிச்சம் தன்னோடை இருக்கட்டும் எண்டவ."

நிலாணி போனைப் பிடித்தபடி கட்டிலில் இருந்தாள். பிக்கரிங் வீட்டுக் குசினியில் தன்னோடு நின்று ரோல்ஸ் சுற்றிய பெண்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. தலை குனிந்து நின்றதற்குக் காரணம் அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஒருத்திக்கு மற்றவள் யார் என்று தெரியாமல் ஒரே பாத்திரத்தைக் கழுவியிருக்கிறார்கள்.

"நாங்கள் எல்லாரும் சேர்ந்து எழுதினால், அக்கா?" என்று கேட்டாள்.

"உமக்கு இழக்க இனி ஒண்டும் இல்லை, தங்கச்சி" என்றாள் றோசலின். குரலில் கோபம் இல்லை. "எங்களுக்கு இருக்கு. வாபஸ் வாங்கும்."

இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்தபடி, முறைப்பாட்டை மீளப் பெறுகிறேன் என்று மூன்று வரி எழுதி அனுப்பினாள். காரணம் எழுதவில்லை. வைகாசியில் கலை மன்றம் பேபிக்குப் பொன்னாடை போர்த்தியது. முப்பது வருஷம் அகதிச் சனத்துக்குச் செய்த மொழிச் சேவைக்காக. படம் வாட்ஸ்அப்பில் வந்தது. பின்வரிசையில் கை தட்டிக்கொண்டிருந்த பெண்களில் இரண்டு பேரை நிலாணிக்கு அடையாளம் தெரிந்தது.

புரட்டாதியில் ஒருநாள் தமிழ்க் கடையில் அவளும் தனுஷிகாவும் மரக்கறி எடுத்துக்கொண்டு நின்றார்கள். பேபி தள்ளுவண்டிலோடு எதிரே வந்தாள். ஒன்றுமே நடவாததுபோலத் தனுஷிகாவின் நாடியைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"வளர்ந்திட்டாள். நல்ல வடிவு. இந்த முறை இவளை இளவரசியாப் போடுவமெண்டு மாமா சொல்லுறார்."

"அவள் வரமாட்டாள்" என்றாள் நிலாணி.

"பிள்ளையைக் கேளுமன்."

தனுஷிகாவின் கண் மலர்ந்தது. "பிரின்சஸா? எனக்கு லைன்ஸ் இருக்கா?"

"இருக்கு, ராசாத்தி. நிறைய இருக்கு."

நிலாணி மகளின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள். மரக்கறி வண்டில் நடுவழியில் நின்றது. வரிசையில் நின்ற சனம் அவளைத்தான் பார்த்தார்கள். வயதான மனுசி அன்பாகக் கதைக்க முகத்தை முறிக்கிறவளை. பிள்ளை பஸ் தரிப்பில் அழுதாள். வீட்டிலும் அழுதாள். "எல்லாத்துக்கும் நோ நோ எண்டுதான் சொல்லுவீங்கள். அப்பாட்டைக் கேட்கிறன்" என்றாள்.

கேட்டாள். ஒத்திகை எப்போதும் ஞாயிறுகளில். ஞாயிறு தகப்பனுடைய நாள். மாமாவோடும் மாமியோடும் முகத்தை முறிக்கத் தன்னால் ஏலாது என்று கஜீவன் ஒரு வரியில் மெசேஜ் போட்டான். நிலாணி இரண்டு தரம் போன் எடுத்தாள், அவன் தூக்கவில்லை. பிள்ளையைப் பற்றி எழுதிய கடதாசியை எடுத்துப் பார்த்தாள். அதில் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று எதுவும் எழுதியிருக்கவில்லை.

முதல் ஒத்திகைக்கு முந்தின சனிக்கிழமை வழமைக்கு மாறாகப் பிள்ளை அவளோடு நின்றது. கஜீவனுக்கு லொறி ஓட்டம். ஞாயிறு மத்தியானம் அவன் கீழே வந்து ஹோர்ன் அடித்தான். தனுஷிகா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவடிக்கு ஓடினாள். நிலாணி அவளுக்கு முன்னால் குந்தி, சப்பாத்து நாடாவைக் கட்டிவிட்டாள். கட்டி முடித்தும் எழும்பவில்லை.

"தனு, பேபி அன்ரி உன்னோடை தனியக் கதைச்சால், என்ன கேட்டாலும் தெரியாது எண்டு சொல்ல வேணும். அம்மாவைப் பற்றிக் கேட்டாலும், ஸ்கூலைப் பற்றிக் கேட்டாலும்."

"ஏன்? அவ நல்லவதானே."

"ஓம். எண்டாலும் ஒண்டும் சொல்லாதை. உனக்கு அழுகை வந்தாலும் அவவிட்டைச் சொல்லாதை. கையைப் பிடிச்சுக்கொண்டு கேட்டாலும் சொல்லாதை. விளங்குதே?"

பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்தாள். என்ன விளங்கியதோ, அவளுடைய சிரிப்புக் கொஞ்சம் குறைந்தது.

"ஓக்கே" என்றாள் மெதுவாக. "தெரியாது எண்டு சொல்லுறன்."

கீழே ஹோர்ன் இரண்டாம் தரம் அடித்தது. நிலாணி கதவைத் திறந்துவிட்டாள்.